பதினாலாம் நம்பர் கேட்

இரண்டு குழாய்களிலிருந்தும் சம அளவு பிதுக்கி, பழைய கல்யாணப் பத்திரிகையின் வழவழப்பான பின்பக்கத்தில் பல்குத்தும் குச்சியால் குழைக்கும்போதே பூங்கோதைக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கும் தான் ஒரு முடிவுக்கும் வரப்போவதில்லை, வருவதானால் இந்தப் பசைதான் வரவேண்டும் என்று. குழைத்த ஐந்தாம் நிமிஷம் இறுகத் தொடங்கும், அரைமணி நேரம் அசைக்கக்கூடாது, அப்புறம் உடைத்தால்தான் உண்டு என்று குழாயோடு வந்த சீட்டில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. மணி பன்னிரண்டே முக்கால். ஞாயிற்றுக்கிழமை. கூடத்தில் நடக்க வழியில்லாமல் எட்டடிக்கு மூன்றடிப் பலகை ஒன்று கிடந்தது. அதன் மேல் நல்லம்பூர் ஜங்ஷனிலிருந்து கோடிமுனைக் கடற்கரை வரை ஓடிய பழைய மீட்டர்கேஜ் லைன் முழுசும் இருந்தது. உப்பு ஏற்ற வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட பாதை. உப்பு நின்றது, பிறகு ஜனங்களை ஏற்றியது, அதுவும் நின்றது, தண்டவாளத்தைப் பெயர்த்து லாரியில் கொண்டுபோய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. இப்போது எல்லாம் எண்பத்தேழில் ஒரு பங்கு. ஆறடி ஆள் இங்கே சுண்டுவிரலில் ஒரு கணு உயரம். சலித்த ஆற்றுமணல் ஜல்லியாகியிருந்தது. பீர்க்கங்காய் நாருக்குப் பச்சை அடித்தால் புளியமரம். அவள் வேலை பார்ப்பது கட்டட மாதிரிகள் செய்கிற பட்டறையில். வராத வீட்டுக்கு வரப்போகிற மாதிரி பால்கனி வைத்துக் கொடுப்பது அவளுக்குப் பழக்கம். இருந்து போனதைச் செய்வது இதுதான் முதல் தடவை. முப்பது கிலோமீட்டரை எட்டடிக்குள் அடக்க வயலும் திடலுமாக எவ்வளவோ வெட்டி எறிந்தாள், எதுவும் யாருக்கும் குறையாகப் படவில்லை. முதலில் போட்ட வரைபடத்தில் பதினாலாம் நம்பர் கேட்டையும் அப்படித்தான் வெட்டியிருந்தாள், ஆதிச்சேரி ஸ்டேஷனைத் தாண்டினால் நேரே கோடிமுனை வாய்க்கால் பாலம் என்று. பழைய லைன் ஊழியர் சங்கத்துச் செயலாளர் தங்கையா சார் வந்தார். அந்த நாளில் கார்டாக இருந்தவர், இன்னமும் சட்டைப்பையில் விசில் வைத்திருப்பவர். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு படத்தில் சரியாக அந்த இடத்தில் விரலை ஊன்றினார். "ஏம்மா, வைரக்கண்ணு மவ போட்ட படத்துல வைரக்கண்ணு கேட்டக் காணுமே, ரயிலு என்னா பறந்தா போச்சு?" என்றார். சிரித்தார். அவர் மனசில் ஒன்றுமில்லை. ஒன்றும் இல்லாதவர்கள்தான் சரியாக அந்த இடத்தில் விரலை வைக்கிறார்கள்.

ஆகவே கேட் வந்தது. விரலளவு கேபின், அதன் ஓட்டில் சாய்ந்த பூசணிக்கொடி, தண்ணீர்ப் பானை, இரண்டு பக்கமும் கம்பங்கள். தென்னை ஈர்க்கைச் சீவி மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்து, நடுவில் சிவப்பு வட்டம் ஒட்டிய கம்பங்கள். இரண்டும் ஒரே அச்சில், ஒன்று எழுந்தால் மற்றதும் எழும். அச்சை மட்டும் ஒட்டவில்லை. கேட்டில் மற்றதெல்லாம் ஒட்டியாயிற்று. நாளைக் காலை எட்டு மணிக்கு வேன் வரும், ஜங்ஷனில் சங்கத்து அறையில் வைத்து மேலே கண்ணாடி மூடித் திருகாணி போட்டுவிடுவார்கள், அதற்கப்புறம் திறந்தது திறந்ததுதான், மூடியது மூடியதுதான். மூடியே வைத்துவிடலாம். எல்லாருக்கும் அதுதான் நல்லது. பழைய ஆட்கள் வந்து குனிந்து பார்ப்பார்கள், வேட்டியை மடித்துக் கட்டியவர்கள், மூத்திரத்தை அடக்கிக்கொண்டு நிற்கும் வயசுக்காரர்கள். அப்பாவை ஓரக்கண்ணால் பார்ப்பார்கள், கேட் மூடியிருக்கும், சரி விடு என்று நகர்ந்துவிடுவார்கள். ஆனால் மூடியிருந்தால் அது பொய். இவள் ஒட்டிய பொய். கண்ணாடிக்குள்ளே தூசு படாமல் கிடக்கும் பொய். தூக்கி வைத்தால் நிஜம். ஆனால் அந்த நிஜத்தை யார் நிஜமென்று படிக்கப்போகிறார்கள்? கேட் திறந்திருக்க, ஒரு சாண் தள்ளி வளைவில் வண்டி வந்துகொண்டிருக்க, பார்க்கிறவன் என்ன நினைப்பான், வைரக்கண்ணு அன்றைக்கு இப்படித்தான் கோட்டை விட்டான், பெற்ற மகளே அதை மறக்கவில்லை பார் என்றுதானே. இவள் வாயால் சொல்லவேண்டியதைக் கம்பம் சொல்லப்போய், கம்பம் அப்பாவைக் காட்டிக்கொடுத்துவிடும். வண்டியை வளைவில் நிறுத்தச் சொன்னதும் தங்கையா சார்தான், அப்போதுதான் போட்டோவுக்கு எடுப்பாக இருக்குமாம். அவர் சொல்லியிருக்க வேண்டாம். அது வேறெங்கே நிற்கும்? பத்தொன்பது வருஷமாக அங்கேதான் நிற்கிறது. இதோ, குச்சி நுனியில் பசையைத் தொட்டு அச்சின் இரண்டு முனையிலும் வைத்துவிட்டாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகக் கம்பத்தைப் பிடித்து நேரே நிமிர்த்தினாள். நிமிர்த்தியது ஏன் என்று தெரியவில்லை. இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கிறது. இறக்கிக்கொள்ளலாம்.

கம்பம் தானாக இறங்குகிறது என்றுதான் ஒரு மாதமாக நினைத்திருந்தாள். காலையில் தூக்கிவைத்துவிட்டுப் பட்டறைக்குப் போவாள், சாயங்காலம் வந்து பார்த்தால் இறங்கியிருக்கும். எடை போதவில்லை என்று பின்பக்கம் ஈயக்குண்டு சேர்த்தாள். மறுநாளும் இறங்கியிருந்தது. மின்விசிறிக் காற்றாக இருக்கும் என்று நூல் போட்டுத் தூணோடு கட்டினாள். அன்றைக்குச் சாயங்காலம் கம்பம் இறங்கியிருந்தது, நூல் அறுந்திருக்கவில்லை. முடிச்சை அவிழ்த்து, நூலை எட்டுப் போல மாற்றி மாற்றித் தூணில் சுற்றி, நுனியைச் செருகி வைத்திருந்தது. அப்பா எதையும் அப்படித்தான் சுற்றிவைப்பார், கொடிக்கயிற்றையும் பம்பரக் கயிற்றையும். அவள் நூலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த நாள் மறுபடி தூக்கி வைத்தாள். மறுபடி இறங்கியிருந்தது. அப்படியே இரண்டு வாரம், ஒரே வீட்டில் ஒரே சோற்றைத் தின்றுகொண்டு, அவள் தூக்குவதும் அவர் இறக்குவதும், ஒரு வார்த்தை இல்லாமல். கம்பங்களின் தோலில் விரல்பட்டு மஞ்சள் மங்கிப்போய் நேற்றுதான் புதிதாக அடித்தாள்.

"சோறு போடவாடி?" என்று அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "வந்துட்டேம்மா, கை வேலையா இருக்கேன்." "கை என்னிக்கி உனக்கு வேலையில்லாம இருந்துச்சு? வாயிதான் வேலையில்லாம கெடக்கு. அந்த ரயிலு பொட்டிக்கிப் பண்ற சிங்காரத்துல பாதி உனக்குப் பண்ணிக்கிட்டிருந்தா இந்நேரம் எவனாவது ஏத்திக்கிட்டுப் போயிருப்பான்." அதற்குள் அம்மாவின் கைபேசி அடித்தது. பூங்கோதையின் முதுகில் அந்தச் சத்தம் வழக்கம்போல இறங்கியது, ஈரத்துணியைப் போட்ட மாதிரி. அவள் தன்னுடையதைச் சத்தமில்லாமல்தான் வைத்திருப்பாள். பட்டறையில் எல்லாருக்கும் தெரியும், கோதைக்கு எழுதித்தான் அனுப்பவேண்டும், அழைத்தால் எடுக்கமாட்டாள், கூச்சம். கூச்சம் என்றே இருக்கட்டும். "ஆங், சொல்லுங்க தங்கையாண்ணே," என்றாள் அம்மா. "இருக்கா, இருக்கா, எங்க போவா. ரயிலோட குந்திக்கிட்டிருக்கா. எட்டு மணிக்கா? சரிண்ணே. அவுரா? அவுரு வராம? சட்டை தேய்ச்சு வெச்சிட்டேன்." பிறகு ஏதோ கேட்டுச் சிரித்தாள். "அவுருகிட்ட நீங்களே கேளுங்க, பத்து வார்த்தை கேட்டா ஒரு வார்த்தை வரும், அதையும் மவளுக்குச் சீதனமாக் குடுத்திட்டாரு." அப்பா சட்டை போட்டுக்கொண்டு வரப்போகிறார். தேய்த்த சட்டை. பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக ரயில்வே ஆட்களின் நடுவில் நிற்கப்போகிறார். போகமாட்டார் என்று நினைத்திருந்தாள். தங்கையா சார் கேட்டபோது தலையைத் தலையை ஆட்டினார். பத்திரிகைமேல் மிச்சமிருந்த பசையை இடதுகைக் குச்சியால் தொட்டுப் பார்த்தாள். கம்பியாக இழுத்துக்கொண்டு வந்தது. இறங்க இன்னும் இடமிருக்கிறது. அம்மா போனை வைத்துவிட்டாளா? வைத்துவிட்டாள். நல்லவேளை.

கேபினில் இருந்த போன் கறுப்பு. கைப்பிடியைச் சுற்றினால் கர்ர் என்னும், அந்தப் பக்கம் சுற்றினால் இங்கே மணி அடிக்கும். ஆதிச்சேரியிலிருந்து வண்டியை விடும் முன்னால் ஸ்டேஷன் மாஸ்டர் கூப்பிடுவார். அப்பா கேட்டை இறக்கிப் பூட்டுவார், ஆணியில் மாட்டிய அட்டையில் அச்சடித்த எண்களில் அடுத்த எண் எதுவோ அதைப் படித்துச் சொல்லி, பேனாவால் ஒரு கோடு போட்டு அடிப்பார். அந்த எண் வந்தால்தான் வண்டி நகரும். எண் என்பது வெறும் எண் இல்லை பாப்பா, அது சத்தியம், கேட் மூடியாச்சுன்னு நான் பண்ற சத்தியம் என்று அப்பா ஒருநாள் சொல்லியிருக்கிறார். விளையாட்டில் அவள் அப்பாவாகி, தீப்பெட்டியைக் காதில் வைத்து, தொண்டையைக் கரகரப்பாக்கி, "பதினாலு பேசறேன், நம்பர் முப்பத்தாறு" என்பாள், அப்பா விழுந்து விழுந்து சிரிப்பார். வகுப்பில் "உள்ளேன் ஐயா" சொல்ல நாக்கு எழாத பிள்ளைக்கு அப்பாவின் குரலில் மட்டும் எல்லாம் வந்தது. நிஜப் போனை ஒரு தடவை எடுத்துவிட்டாள். அன்றைக்கு அப்பா அடித்தார். அதற்கு முன்னும் பின்னும் அடித்ததில்லை, அந்த ஒரு தடவைதான், புறங்கையில். அது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. அம்மா தூக்குவாளியில் மோர்சோறு கொடுத்தனுப்பினாள், அப்பாவுக்கு வயிறு சரியில்லை, காரம் வேண்டாமென்று. போய்ச் சேர்ந்தபோது அப்பா வாய்க்கால் கரைப் பக்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார், "இரு பாப்பா, வந்துட்டேன்" என்று கையைக் காட்டினார். போன் அடித்தது. அடித்தது. வெயிலில் அது தவிர வேறு சத்தமே இல்லை. நிற்கவே மாட்டேன் என்றது. நின்றுபோகட்டும் என்று காதைப் பொத்தினாள், பொத்திய கைக்குள்ளும் அடித்தது. அவ்வளவு நேரம் எடுக்காவிட்டால் அப்பாவுக்குத் திட்டு விழுமே என்று நினைத்தாளா, இல்லை சத்தம் நின்றால் போதுமென்று எடுத்தாளா, இதை மட்டும் அவளால் இன்றுவரை பிரிக்க முடிந்ததில்லை. எடுத்தாள். தொண்டையைக் கரகரப்பாக்கினாள். "பதினாலு பேசறேன். நம்பர் நாப்பத்தொம்பது." அந்தப் பக்கம் "சரி" என்றது. அவ்வளவுதான். ஜாமெட்ரி டப்பாவிலிருந்து பென்சிலை எடுத்து, நாற்பத்தொன்பதின் மேல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள். சுத்தமான கோடு.

அப்பா நாலு நிமிஷத்தில் வந்துவிட்டார். ஆதிச்சேரியிலிருந்து வண்டி வரப் பன்னிரண்டு நிமிஷம். பன்னிரண்டில் நாலு போனால் எட்டு. எட்டு நிமிஷத்தில் எத்தனை தடவை வாயைத் திறக்கலாம். அப்பா கால் அலம்பிக்கொள்ளட்டும், சொல்லிக்கொள்ளலாம். முகம் துடைத்துக்கொள்ளட்டும். நேற்று அடித்த கை இன்னும் வலிக்கிறதா பாப்பா என்று கேட்டு, அந்தப் புறங்கையைப் பிடித்து ஊதினார், இப்போது போய் எப்படிச் சொல்வது, ஊதி முடிக்கட்டும். உட்காரட்டும். ஒரு வாய் சாப்பிடட்டும், பாவம், காலையிலிருந்து ஒன்றும் தங்கவில்லை. அப்பா வாளியிலிருந்து ஒரு கவளம் எடுத்து, ஆணியில் மாட்டிய அட்டையைப் பார்க்காமல், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "வண்டி லேட்டு போலருக்கு. இன்னும் போன் வரல," என்றார். அவள் "ம்" என்றாள். அந்த "ம்"முக்கு முன்னால் எல்லாம் சரியாக இருந்தது, கேட் திறந்திருந்தாலும் சரியாகத்தான் இருந்தது. வளைவிலிருந்து ஊதல் வந்தது. அப்பா சோற்றுக் கையோடு ஓடினார். கேட்டை இறக்கும் சக்கரத்தின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினார், கம்பம் பாதி இறங்கியது, பாதிதான். மொபெட்டில் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடங்களைக் கொத்துக் கொத்தாகக் கட்டிக்கொண்டு வந்த ஆள் தலையைக் குனிந்து உள்ளே நுழைந்துவிட்டிருந்தான். குடங்கள்தான் அவளுக்கு இப்போதும் வருவது. பச்சை, நீலம், ரோஸ், தண்டவாளத்திலிருந்து உருண்டு உருண்டு வயலுக்குள், கொஞ்சம்கூட நசுங்காமல், ஏதோ திருவிழாவில் அவிழ்த்துவிட்ட மாதிரி. ஒரு நீலக்குடம் வாய்க்காலில் விழுந்து நிதானமாக மிதந்து போயிற்று. அவன் பேர் சவுரிமுத்து. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போனான். அந்த மூன்று நாளும் அவள் எண்களாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், ஒன்றிலிருந்து நூறுவரை, நாற்பத்தொன்பதை விட்டுவிட்டு.

ஆனால் வட்டமடித்து வட்டமடித்து நினைவு வந்து சிக்கிக்கொள்ளும் இடம் குடமும் இல்லை, சவுரிமுத்துவும் இல்லை. அது கேபினுக்குள், வண்டி நின்று, ஆட்கள் கத்திக்கொண்டு ஓடிவர, டிராலியில் அதிகாரிகள் இன்னும் வந்து சேராத அந்தக் கொஞ்ச நேரம். வெளியே சக்கரத்தின் கைப்பிடியில் மோர்சோற்றுப் பருக்கைகள் ஒட்டிக் காய்ந்துகொண்டிருந்தன. அப்பா உள்ளே வந்தார். அட்டையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அவள் போட்ட பென்சில் கோட்டின்மேல், அது தெரியாதபடி, மெதுவாக ஒரு கோடு போட்டார். அவருடைய மற்றக் கோடுகள் எல்லாம் கிறுக்கலாகச் சாய்ந்திருக்கும், இது மட்டும் நேராக, கொஞ்சம் தடித்து. பேனாவை மூடினார். அவள் பக்கம் திரும்பவே இல்லை. "வாளிய எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போ பாப்பா, வரப்பு வழியாப் போ," என்றார். விசாரணையில் நம்பர் கொடுத்தது நான்தான், வயிற்று வலியில் கேட்டை மூட மறந்துவிட்டேன் என்று சொன்னார் என்பது அம்மா அழுததிலிருந்து தெரிந்தது. போனில் யார் குரல் என்று யாரும் கேட்கவில்லை. வேலை போயிற்று. கல்யாண மண்டபத்தில் வாசல் காவலுக்கு நின்றார், அங்கேயும் கேட்தான், கார் வந்தால் திறந்து கார் போனால் மூடவேண்டும், பதினைந்து வருஷம். பெரியவள் ஆனதும் சொல்லலாம், காலேஜ் முடியட்டும், முதல் சம்பளம் வரட்டும், அவருக்குக் கண் ஆபரேஷன் ஆகட்டும், இந்த லைன் வேலை முடியட்டும். எட்டு நிமிஷம் இன்னும் முடியவில்லை. என்னத்தைச் சொல்வது, அவருக்குத் தெரியாததையா? தெரிந்தவரிடம் சொல்வதற்குத்தான் நாக்கு இவ்வளவு கனக்கிறது. தெரியாதவராக இருந்தால் என்றைக்கோ சொல்லி அழுதிருப்பாள்.

பத்திரிகையின்மேல் மிச்சப் பசையைக் குத்தினாள். குச்சி உள்ளே போகவில்லை. எப்போது இறுகியது? கடிகாரம் ஒன்றே கால். விரலைப் பிரித்துப் பார்க்கப் பயமாக இருந்தது. பிரித்தாள். கம்பங்கள் நேராக நின்றன, இரண்டும், வானத்தைப் பார்த்து. "ஏங்க, சாப்பிட வாங்க, உங்க மவள கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்குத் தொண்ட வத்திப்போச்சு," என்று அம்மா சத்தம்போட, வாசல் பக்கத்திலிருந்து அப்பாவின் செருப்புச் சத்தம் வந்தது, செருப்பைக் கழற்றும் சத்தம், செம்புத் தண்ணீரில் கால் அலம்பும் சத்தம். அவள் மறுபடி கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள், பிடிக்கத் தேவையில்லை, பிடித்துக்கொண்டாள். அப்பா வந்து பலகைக்கு அந்தப் பக்கம் நின்றார். துண்டால் முகம் துடைத்தார். ஆபரேஷன் செய்த கண்ணைச் சுருக்கி, எப்போதும்போல ஜங்ஷனில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கேட்டில் வந்து நின்றார். கையை நீட்டி, ஒற்றை விரலைக் கம்பத்தின் நுனியில் வைத்து, கீழே அழுத்தினார். அவள் விரல் பக்கத்திலேயே இருந்தது. கம்பம் இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். ஈர்க்கு வளைந்ததே தவிர இறங்கவில்லை.

"ஒட்டிட்டியா பாப்பா."

"ம்."

அவர் விரலை எடுத்தார். நகத்தில் மஞ்சள் ஒட்டியிருந்தது. நேற்று அடித்த மஞ்சள் இன்னும் காயவில்லை போல. அம்மா உள்ளே சட்டியை இறக்கினாள். இப்போது. இனிமேல் கால் அலம்பவேண்டியதில்லை, முகம் துடைக்கவேண்டியதில்லை, எல்லாம் ஆயிற்று. "அப்பா," என்றாள். குரல் கரகரவென்று வந்தது, அவருடைய குரல் மாதிரியே. "அன்னைக்கி நாந்தான் அந்த..."

அப்பா குனிந்தார். வளைவில் நின்றிருந்த வண்டியின்மேல், எஞ்சினின் மூக்கில், இரண்டு விரலை வைத்தார். பின்னால் தள்ளினார். மூன்று பெட்டியும் எஞ்சினும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, மணல் ஜல்லியில் சிறிய சத்தம் போட்டு, வளைவு கடந்து, பீர்க்கங்காய்ப் புளியமரங்களின் நிழல் கடந்து, மதகு கடந்து, பின்னாலேயே போயின. அவர் பலகையோடு சேர்ந்து பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தார். ஆதிச்சேரி பிளாட்பாரத்துக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தினார். பெட்டிகளின் வாசல் பிளாட்பாரத்துக்குச் சரியாக வரும்படி நகத்தால் கொஞ்சம் தட்டிக்கொடுத்தார். பிறகு நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, திறந்திருந்த கேட்டையும் காலியாகக் கிடந்த வளைவையும் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

"வண்டி ஸ்டேஷன்லதானே நிக்கிது," என்றார். "இன்னும் போன் வரல."

பூங்கோதை கம்பத்தைப் பிடித்திருந்த கையை விடாமல், "ம்" என்றாள்.